தெரிந்தே தொடர்ந்த போர்: வெள்ளை மாளிகை ஒலிப்பதிவுகள் பற்றி

மக்களுக்கே பிடிக்காத போரை ஏன் நிறுத்த முடியவில்லை? வியட்நாம் போர்ப் பாடம் நடத்தும்போதெல்லாம் மாணவர்கள் என்னிடம் கேட்கிற கேள்வி இது. பாடப்புத்தகம் பனிப்போர், கம்யூனிசம் பரவிவிடும் என்ற பயம் என்று நாலு காரணம் சொல்லி முடித்துவிடும். பிள்ளைகளுக்கு அது போதவில்லை, எனக்கும்தான். உருப்படியான பதில் கிடைத்த இடம், வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் மில்லர் சென்டர் இணையத்தில் நடத்தும் ஒலிப்பதிவுச் சேவை. 1940 முதல் 1973 வரை, ரூஸ்வெல்ட் தொடங்கி நிக்சன் வரை ஆறு அமெரிக்க அதிபர்கள் ரகசியமாகப் பதிவு செய்துவைத்த பேச்சுகளை அங்கே காசு கொடுக்காமல் கேட்கலாம். வரலாறு சொல்லித் தருகிறவர்கள் யாரும் இதைத் தவறவிடக் கூடாது.

முதலில் கேட்க வேண்டியது 1964 மே 27-ம் தேதிப் பேச்சு. அதிபர் லிண்டன் ஜான்சன், செனட்டின் ராணுவக் குழுத் தலைவர் ரிச்சர்ட் ரஸ்ஸலுடன் போனில் பேசுகிறார். அப்போது வியட்நாமில் இருந்த அமெரிக்கர்கள் சுமார் 16,000 பேர், அதுவும் ஆலோசகர்கள் என்ற பெயரில். வட வியட்நாம் படகுகள் அமெரிக்கக் கப்பல்களைத் தாக்கியதாகச் சொல்லிப் போரைப் பெரிதாக்கக் காரணமாக்கிய டோங்கின் வளைகுடாச் சம்பவம் ஆகஸ்டில்தான் வரப்போகிறது. பெரிய சேதமில்லாமல் கிளம்பி வந்துவிட இன்னும் வழி இருந்த நேரம். ஜான்சன், தன் வீட்டில் வேலை பார்க்கும் சார்ஜென்ட் ஒருவரைப் பற்றிச் சொல்கிறார். அந்த மனிதருக்கு ஆறு பிள்ளைகள். முடிவெடுக்க நினைக்கும்போதெல்லாம் அவரையே மொத்த ராணுவமாக எண்ணிப் பார்க்கிறாராம். அவரை அங்கே அனுப்பி நமக்கு என்ன கிடைக்கப் போகிறது என்று நினைத்தால் முதுகு சில்லிடுகிறது என்கிறார். அதே பேச்சில், போரை விட்டு ஓடுகிற அதிபரைப் பதவியிலிருந்தே இறக்கிவிடுவார்கள், இல்லையா என்றும் கேட்கிறார்.

அன்றைக்கே தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் மெக்ஜார்ஜ் பண்டியிடம் இன்னும் பச்சையாகச் சொல்கிறார்: இது சண்டை போட்டு மடியத் தகுந்த விஷயம் இல்லை, ஆனால் வெளியே வரவும் முடியாது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். விவரம் தெரியாமல் புதைகுழியில் கால் வைத்துவிட்டார்கள் என்ற வாதம் அதற்குப் பிறகு நிற்காது. விவரம் தெரிந்தேதான் இருந்தது. நிறுத்தினால் பழி ஒரே ஒருவர் தலையில், அதுவும் பெயரோடு, உடனே விழும். தொடர்ந்தால் வருகிற நஷ்டம் யார் யார் வீட்டுக்கோ சிறுகச் சிறுகப் போய்ச் சேரும்.

அப்புறம் 1965 ஜூன் 21-க்குப் போங்கள். பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் மெக்நமாராவிடம் பேசும்போது ஜான்சன் மனம் சோர்ந்திருப்பதாக ஒப்புக்கொள்கிறார். எதிராளி என்றைக்குமே விட்டுக்கொடுக்க மாட்டான் என்றே தோன்றுகிறது என்கிறார். ஐந்து வாரம் கழித்து, ஜூலை 28-ம் தேதி, கட்டாய ஆள்சேர்ப்பை மாதம் 17,000-லிருந்து 35,000 ஆக உயர்த்துவதாக நாட்டுக்கு அறிவித்தவரும் அவரேதான்.

அந்த அறிவிப்பில் ரிசர்வ் படைகளை அழைக்காமல் விட்டதையும் கவனிக்க வேண்டும். ரிசர்வ் படையினர் என்றால் தேவைப்படும்போது மட்டும் ராணுவத்துக்கு அழைக்கப்படுகிறவர்கள், வேலையும் குடும்பமும் உள்ளவர்கள். அவர்களை மொத்தமாகக் கூப்பிட்டால் ஊர் ஊராகக் கேள்வி எழும், அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் பெரிய விவாதம் நடக்கும். கட்டாய ஆள்சேர்ப்புக்கோ சட்டம் ஏற்கெனவே கையில் இருந்தது. இளைஞன் வீட்டுக்கு ஒரு கடிதம் போனால் போதும். கல்லூரியில் படிக்கிறவனுக்கு ஒத்திவைப்பு உண்டு என்பதால் வசதியான, செல்வாக்குள்ள குடும்பங்கள் பெருமளவு தப்பித்தன. போரைப் படிப்படியாகப் பெரிதாக்க இதைவிடச் சத்தமில்லாத வழி வேறு இல்லை. 1964 ஆகஸ்ட் முதல் 1973 வரை 18 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இப்படி அழைக்கப்பட்டார்கள்.

இந்த அநியாயத்தைச் சரிசெய்யத்தான் 1969 டிசம்பர் 1-ம் தேதி, யாரை முதலில் அழைப்பது என்று பிறந்த தேதியை வைத்துத் தீர்மானிக்கும் குலுக்கல் வந்தது. 366 நீல நிற பிளாஸ்டிக் குப்பிகள், ஒவ்வொன்றிலும் ஒரு பிறந்த தேதி. முதலில் வந்தது செப்டம்பர் 14. அந்த வரிசையில் 195-ம் எண் வரைக்கும் அழைப்பு போனது. குப்பிகளைச் சரியாகக் கலக்காததால், வருடக் கடைசி மாதங்களில் பிறந்தவர்களுக்கு முன்வரிசை எண்கள் அதிகமாக விழுந்தன. வகுப்பில் இதைச் சொல்லும்போது நவம்பர், டிசம்பர் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

போர் தவறு என்று சொன்னவர்கள் கேலப் கருத்துக்கணிப்பில் 1965 ஆகஸ்டில் 24 சதவீதம். 1968 ஆகஸ்டில் அது 53 ஆகிவிட்டது. அதற்குப் பிறகும் போர் வருடக்கணக்கில் நீண்டது. நிக்சன் பதவியேற்ற பிறகு மட்டும் 20,000-க்கும் அதிகமான அமெரிக்கச் சிப்பாய்கள் இறந்தார்கள்.

அந்தக் காலத்தைப் புரிந்துகொள்ள 1972 ஆகஸ்ட் 3-ம் தேதிப் பதிவு ஒன்றே போதும். தேர்தலுக்கு மூன்று மாதம் இருக்கிறது. தென் வியட்நாம் ஒருவேளை தாக்குப்பிடிக்கவே முடியாது என்று நிக்சனே சொல்கிறார். ஓரிரு வருடம் இழுத்துப் பிடிக்கிற மாதிரி ஒரு ஏற்பாடு வேண்டும், 1974 ஜனவரிக்குள் யாரும் இதைப் பற்றிக் கவலைப்பட மாட்டார்கள் என்கிறார் அவருடைய தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் கிஸ்ஸிஞ்சர். கோபம் இல்லை, பதற்றம் இல்லை, நிதானமாகப் பேசிக்கொள்கிறார்கள். எனக்கு அந்த நிதானம்தான் தாங்கவில்லை.

கேட்கும் அனுபவம் எப்படி என்றால், ஜான்சனின் பதிவுகள் பெரும்பாலும் போன் பேச்சு என்பதால் குரல் தெளிவு. டெக்சஸ் உச்சரிப்பு பழக மட்டும் கொஞ்ச நேரம் ஆகும். நிக்சன் பதிவுகள் பெரும்பாலும் அறையில் மறைத்துவைத்த மைக்குகளில் எடுத்தவை. பேச்சுச் சத்தம் கேட்டாலே தானாக ஓடத் தொடங்கும் ஏற்பாடு அது. கோப்பை வைக்கிற சத்தமெல்லாம் வார்த்தைகளை விழுங்கிவிடும். எழுத்து வடிவம் உள்ள பதிவுகளை மட்டும் முதலில் எடுத்துக்கொள்ளுங்கள், அதைக் கண்ணால் பின்தொடர்ந்தபடியே கேளுங்கள். நல்ல ஹெட்போன் அவசியம்.

ஒன்றை மறக்கக் கூடாது. எதைப் பதிவு செய்வது என்று தீர்மானித்தவர் ஜான்சன்தான். எதிர்முனையில் இருந்தவருக்குப் பொதுவாக அது தெரியாது. அதனால் பதிவை அப்படியே முழு உண்மையாக எடுத்துக்கொள்ளாமல், அதே வாரத்து அரசுக் குறிப்புகளோடு ஒப்பிட்டுப் படிப்பது நல்லது. வியட்நாம் விஷயத்தில் எடுத்த முடிவுகளைப் பற்றி அமெரிக்கப் பாதுகாப்புத் துறையே ரகசியமாகத் தயாரித்து, 2011-ல் முழுமையாக வெளியான பென்டகன் ஆவணங்கள், சுமார் 7,000 பக்கம், அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. 1965 மார்ச்சில் மெக்நமாராவின் உதவியாளர் ஜான் மெக்நாட்டன் எழுதிய குறிப்பு அதில் இருக்கிறது. போரின் நோக்கத்தில் 70 சதவீதம் அவமானகரமான தோல்வியைத் தவிர்ப்பது, தென் வியட்நாம் மக்களின் நல்வாழ்வுக்கு 10 சதவீதம் என்று கணக்கே போட்டு வைத்திருக்கிறார்.

இந்தப் பதிவுகளில் வியட்நாம் மக்களின் குரல் இல்லை. ஹனோயில் இருந்த வட வியட்நாம் அரசு ஏன் விட்டுக்கொடுக்கவில்லை என்பதற்கு இங்கே பதில் தேட முடியாது. வியட்நாம் அரசு 1995-ல் சொன்ன கணக்குப்படி பொதுமக்களில் மட்டும் சுமார் 20 லட்சம் பேர் இறந்தார்கள். வகுப்பில் ஜான்சன் பேச்சை ஓடவிடுவதற்கு முன்னால் அந்த எண்ணைக் கரும்பலகையில் எழுதிவிடுகிறேன், பதிவு முடியும் வரை அதை அழிப்பதில்லை.