வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கும் லேப்: ஆள் நல்லவர், ரிப்போர்ட்தான் தலைவலி

அம்மாவுக்கு முதுகில் டிஸ்க் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தபின் உடம்பில் அழற்சி எவ்வளவு என்று காட்டும் சிஆர்பி, ஈஎஸ்ஆர் என்ற இரண்டு ரத்த டெஸ்ட்டும் பார்க்கச் சொன்னார் டாக்டர். படியிறங்க வைக்க முடியாது என்பதால் வீட்டுக்கே வரும் ஒரு லேப்பைப் பிடித்தோம். வந்த தம்பி அருமை. அம்மாவை எழுப்பாமல், படுத்த நிலையிலேயே ஒரே குத்தில் எடுத்துவிட்டார். ரிப்போர்ட்டும் அன்றைக்கே போனுக்கு வந்துவிட்டது.

அங்கேதான் வினை. இரண்டுமே சிவப்பு எழுத்தில் 'அதிகம்' என்று இருந்தது, விளக்கம் ஒரு வரி கிடையாது, அம்மா அதைப் பார்த்துவிட்டு ராத்திரி தூங்கவில்லை. ஆபரேஷனே உடம்புக்கு ஒரு காயம், கிருமி இல்லாவிட்டாலும் இவை ஏறத்தான் செய்யும். சிஆர்பி 2, 3 நாளில் உச்சத்துக்குப் போய் மளமளவென்று இறங்கும், ஈஎஸ்ஆர் வாரக்கணக்கில் இழுக்கும். இறங்கிய சிஆர்பி திரும்ப ஏறி, கூடவே முதுகுவலியோ காய்ச்சலோ கூடினால் தொற்றா என்று சந்தேகப்பட வேண்டும். அப்புறம், இந்த எண் வலியை அளக்கிற மீட்டரும் இல்லை. அது இறங்கினாலும் காலில் நரம்பு வலி மிச்சமிருக்கலாம்.

லேப்பிலிருந்து போனில் ஹெச்எஸ்-சிஆர்பியும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார்கள். அது இதய நோய் அபாயம் பார்க்கிற டெஸ்ட், ஆபரேஷன் முடிந்த கையோடு அது எதற்கு? வேண்டாம் என்றுவிட்டேன்.

அடுத்த டெஸ்ட்டும் இவர்களிடம்தான், ஒரே லேப் என்றால் ஒப்பிட வசதி. 5க்கு 3 ஸ்டார்.