ஃபிளாஷ் கார்டா, ஃபோனிக்ஸா? ரெண்டையும் பண்ணிப் பார்த்தாச்சு

மஞ்சக்குப்பத்துல எங்க தெருவுல யுகேஜி பசங்க இருக்குற வீடெல்லாம் இப்ப ரெண்டு கட்சி. இங்கிலீஷ் படிக்கச் சொல்லிக்குடுக்க, வார்த்தையை முழுசா பார்த்தே மனசுல ஏத்துற சைட் வேர்ட்ஸ் ஃபிளாஷ் கார்டு ஒரு கட்சி, எழுத்தோட சத்தத்தைக் கூட்டிப் படிக்கிற ஃபோனிக்ஸ் ஒரு கட்சி. நான் ரெண்டு பக்கமும் போய்ட்டு வந்தவ.

மொதல்ல கார்டு. அமெரிக்காவுல டால்ச்னு ஒரு வாத்தியார் 1936ல போட்ட லிஸ்ட், 220 வார்த்தை, தி (the), வாஸ் (was), செட் (said) மாதிரி எந்த புக்கைத் தொறந்தாலும் வர்றதுங்க. தினம் அஞ்சு காட்டுனேன், பத்து நாள்ல பையன் கடகடன்னு ஒப்பிக்கிறான், எனக்கு பெருமை தாங்கல, அப்புறம் ஒருநாள் அதே 'செட்'டை சிலேட்டுல எழுதிக் கேட்டா திருதிருன்னு முழிக்கிறான். என்னடான்னு பார்த்தா அந்தக் கார்டு மூலையில சாம்பார் கறை. புள்ள இத்தனை நாளா படிச்சது கறையைத்தான்!

ஃபோனிக்ஸ்ல இந்த ஏமாத்து நடக்காது. எஸ், ஏ, டி (t), ஐ, பி (p), என், இந்த ஆறு எழுத்தோட சத்தம் தெரிஞ்சாலே சிட், பின், டிப், நிப்னு அதுவா கூட்டிப் படிக்கும், பார்க்காத வார்த்தையையும் படிக்கும். ஆனா நம்ம வீடுகள்ல ஒரு சிக்கல், 'பு', 'னு'ன்னு உகரத்தைச் சேர்த்தே சத்தம் சொல்லிக்குடுத்துடுறோம், அப்ப 'பின்' வராம 'புயினு'ன்னு இழுக்குது. இதுக்கு மருந்து நம்ம தமிழ்லயே இருக்கு. ப், ன் எழுதிக் காட்டி "புள்ளி வெச்ச மாதிரி சொல்லுடா"ன்னேன், ரெண்டே நாள்ல பிடிச்சுக்கிட்டான்.

ஆனா ஃபோனிக்ஸை மட்டும் நம்புனா 'வாஸ்'ஸை கேஸ் (gas) மாதிரி 'வேஸ்'ங்குறான், 'ஒன்'னை (one) 'ஓனே'ங்குறான். (பாண்டி போனப்ப துமா தெரு போர்டுல இங்கிலீஷ் எழுத்தைப் பார்த்து கஷ்டப்பட்டுக் கூட்டி 'டுமாஸ்'னான், ஃப்ரெஞ்சுல கடைசி எஸ்ஸை முழுங்கிடுவாங்கன்னு அஞ்சு வயசுக்கு எங்க போய் வெளக்குறது, ஐஸ்க்ரீம் வாங்கிக்குடுத்து கூட்டிட்டு வந்துட்டேன்.)

அதனால என் ஓட்டு ஃபோனிக்ஸுக்கு. முரண்டு பிடிக்கிற வார்த்தைக்கு மட்டும் சைட் வேர்ட் முறை, வாரத்துக்கு மூணு, அதுவும் கார்டுல இல்ல, சிலேட்டுல, பேப்பர்ல, மாத்தி மாத்தி. முழுசா உருப்போடவும் வேணாம். 'செட்'டுல எஸ்ஸும் டியும் ஒழுங்காத்தான் இருக்கு, நடுவுல ஏ ஐ மட்டும்தான் 'எ'ன்னு வேஷம் போடுது, அதை மட்டும் சிவப்பு ஸ்கெட்ச்ல எழுதிக் காட்டுனேன்.

நேத்து கதை புக்குல, எல்லாமே கருப்பு எழுத்துதான், 'செட்' வந்ததும் விரலை வெச்சு நிறுத்தி "ம்மா, இங்க சிவப்பு"ன்னான். அப்புறம் சரியா படிச்சுட்டு அடுத்த வரிக்குப் போய்ட்டான்.