அலை அடங்கிய மூன்று கரைகள்: பலவான், லாசரஸ், கூசு

சிங்கப்பூர்த் துறைமுகத்தின் தெற்கு முகப்பில், கல்லணைகளாலும் சிறுதீவுகளாலும் மறைக்கப்பட்டு அலையடங்கிக் கிடக்கும் கரைகளில் பலவான், லாசரஸ், கூசு மூன்றும் குடும்பத்தோடு நீராட விரும்புவோருக்கு நல்ல தெரிவுகள். அலை குறைவு என்பதில் மூன்றுக்கும் பெரிய வேறுபாடில்லை. கடல்நீர் உள்ளே வந்து வெளியேறும் வழியிலும், ஆபத்தென்றால் உதவி வந்துசேர ஆகும் நேரத்திலும்தான் அவை வேறுபடுகின்றன.

செந்தோசாவின் பலவான் கரையில் கூப்பிடு தூரத்தில் ஆட்கள் இருப்பார்கள்; அவசர ஊர்தியும் சாலை வழியே வந்துவிடும். நீந்தத் தெரியாத பிள்ளைகளோடு செல்வோர் வேறெதையும் யோசிக்க வேண்டியதில்லை என்பேன். ஆயினும் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் நம் கடல் கிட்டத்தட்ட 3 மீட்டர் ஏறி இறங்குவதால், நீர் வற்றத் தொடங்கும்போது உள்ளே தேங்கியதெல்லாம் கற்களுக்கிடையிலான திறப்புகளை நோக்கி இழுக்கும்; மேலே கண்ணாடிபோல் தெரியும் நீர் அந்த இழுப்பைக் காட்டிக்கொடுக்காது. பிள்ளைகளைத் திறப்புக்கு எதிரே விடாமல், கரையின் நடுப்பகுதியில் இறக்குவதே முறை.

லாசரஸ் தீவின் பிறைவடிவக் கரை அழகில் பலவானை மிஞ்சும், மணலும் நயம். அங்கே உயிர்காப்பாளர் கிடையாது. படகேறித்தான் போக வேண்டும் என்பதால், அவசர ஊர்திக்கான 995-ஐ அழைத்தாலும் உதவி கடல் தாண்டித்தான் வரவேண்டும். வாரயிறுதிகளில் உல்லாசப் படகுகள் விரிகுடாவுக்குள்ளேயே நங்கூரமிடுவதால், நீந்துவோர் அலையைவிடப் படகின் விசிறிக்குத்தான் அஞ்ச வேண்டும். நன்றாக நீந்தும் பெரியவர்களுக்கு மட்டுமே இதைப் பரிந்துரைப்பேன்.

கூசு தீவின் காயல்கள் சிறியவை, கண்காணிக்க எளியவை. ஆனால் பவளமும், நச்சு முள் கொண்ட கல்மீனும் உள்ள இடத்தில் வெறுங்காலோடு இறங்கக் கூடாது. உயிர்காப்பாளர் அங்கும் இல்லை.

மறைவான கரைக்கு வேறொரு குறையும் உண்டு: உள்ளே வந்த அழுக்கு எளிதில் வெளியேறாது. 2024 ஜூன் 14 அன்று பாசிர் பாஞ்சாங் முனையத்தில் கப்பல் மோதிச் சுமார் 400 டன் எண்ணெய் கசிந்தபோது, செந்தோசாவும் தென்தீவுகளும் சேர்ந்தே பாதிக்கப்பட்டன. கனமழைக்குப் பிறகும் ஓரிரு நாள் பொறுப்பது நல்லது. பெட்டி வடிவ ஜெல்லிமீன்கள் நம் கடலில் தென்பட்டிருப்பதால், எந்தக் கரைக்குப் போனாலும் ஒரு புட்டி வினிகரைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். கொட்டிய இடத்தைத் தேய்க்காமல் அதை ஊற்றிவிட்டு உடனே உதவிக்கு அழைக்க வேண்டும்.