ஒப்பந்தம் இல்லாமல் ரா ஃபைலைக் கொடுக்காதீர்கள்: ஏரல் வெள்ளப் படத்தில் நான் ஏமாந்த கதை

எந்தப் பத்திரிகையிலும் மாதச் சம்பளம் இல்லாமல், சொந்தக் கேமராவோடு தனியாக ஓடிக்கொண்டிருக்கும் புகைப்படக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். வெளிநாட்டுப் பத்திரிகையின் படத் தேர்வாளர் என்று சொல்லி யாராவது ரா ஃபைல் (கேமராவில் பதிவாகும் திருத்தப்படாத அசல் படக்கோப்பு) கேட்டால், ஒப்பந்தம் கைக்கு வரும்வரை கொடுக்காதீர்கள். நான் கொடுத்தேன். என் படம் வேறொருவர் பெயரில் போட்டிக்குப் போனது. படத்தில் இருந்த ஆச்சியைப் பற்றி ஒரு பொய்யும் கூடவே போனது. எனக்கு இன்றுவரை ஆறாதது அந்தப் பொய்தான்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையைத் தூத்துக்குடி மாவட்டத்துக்காரர்கள் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணி கரை தாண்டி ஊருக்குள் வந்தது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்திலேயே பயணிகளோடு மாட்டிக்கொண்டது. தண்ணீர் வடியத் தொடங்கியதும் நான் ஏரலுக்குப் போனேன். கடைத்தெரு முழுக்கச் சேறு. ஒரு வீட்டு மொட்டை மாடியில் ஆச்சி ஒருவர் நனைந்துபோன கல்யாண ஆல்பத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. ஒவ்வொன்றாக நகத்தால் நெம்பி, கிழியாமல் பிரித்துக் காயவைத்தார். கல்யாண மாலையின் சிவப்பு கரைந்து மாப்பிள்ளையின் கன்னத்தில் வழிந்திருந்தது. "மவன் கல்யாணம் தம்பி, இதுல ஒண்ணாது தேறுமா பாரு" என்று என்னிடம் நீட்டினார். அவர் வீட்டுக்காரர் பின்னால் நின்று போர்வையைப் பிழிந்துகொண்டிருந்தார்.

வரிசையாகப் பத்துப் படம் எடுத்தேன். அதில் 4127 என்ற எண்ணுள்ள படம் நன்றாக வந்தது. ஆச்சியின் கை, பிரியும் இரண்டு படங்கள், பின்னால் வெறும் சாம்பல் வானம். அந்த ஒரு படத்தில் தாத்தா சட்டகத்துக்கு வெளியே இருந்தார்.

இரண்டு மாதம் கழித்து இன்ஸ்டாகிராமில் ஒரு செய்தி வந்தது. எல்லோரும் கேள்விப்பட்ட ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையின் பெயரைச் சொல்லி, அதற்குப் படம் தேர்வு செய்பவர் என்று அறிமுகப்படுத்திக்கொண்டார். (வழக்கறிஞர் சொன்னபடி அவர் பெயரையும் அந்தப் பத்திரிகையின் பெயரையும் இங்கே தவிர்க்கிறேன்.) முதலில் சின்ன அளவில் 20 படம் கேட்டார். அடுத்த நாளே போனில் பேசினார். என் படங்களில் வெளிச்சம் எப்படி விழுகிறது, எந்தப் படத்துக்குப் பிறகு எந்தப் படம் வர வேண்டும் என்று அரை மணி நேரம் பேசினார். உண்மையிலேயே தொழில் தெரிந்த பேச்சு. என் வேலையைப் பற்றி அதுவரை யாரும் என்னிடம் அப்படிப் பேசியதில்லை. நான் விழுந்தது அந்த இடத்தில்தான். ஆறு படத்துக்கு 45,000 ரூபாய் என்றார். பணத்தைவிட அந்த அரை மணி நேரம்தான் என்னை நம்பவைத்தது.

அப்புறம் கேட்டார்: "ஏஐ படங்கள் வந்துவிட்டதால் எங்கள் ஆசிரியர் குழு ரா ஃபைலைப் பார்க்காமல் எதையும் ஏற்பதில்லை. இன்று மாலை 5 மணிக்குள் அனுப்பிவிடுங்கள்." காரணம் நியாயமாகவே பட்டது. ஏனென்றால் அது முழுப் பொய் இல்லை. வேர்ல்ட் பிரஸ் ஃபோட்டோ என்ற சர்வதேசச் செய்திப்படப் போட்டியிலும் இறுதிச் சுற்றுகளுக்கு வருபவர்களிடம் கேமராவில் பதிவான அசல் ஃபைலைக் கேட்டுச் சரிபார்க்கிறார்கள். 2015-இல் இறுதிக்கு முந்தைய சுற்றுக்கு வந்த படங்களில் ஐந்தில் ஒரு பங்கை அப்படித்தான் தள்ளினார்கள். ஆனால் அங்கே போட்டியின் விதிமுறை முன்கூட்டியே எழுத்தில் இருக்கிறது, அனுப்பும் இடம் அவர்களுடைய அதிகாரப்பூர்வத் தளம். எனக்கு வந்ததோ சாதாரண இலவச மெயில் முகவரி. நான் அதைப் பார்த்தேன், பார்த்தும் அனுப்பினேன். மொத்தம் 12 ரா ஃபைல்கள், கூடவே இடம், நாள், ஊர் விவரம் எழுதிய தாள்.

அனுப்பிய பிறகு பேச்சு நின்றுவிட்டது. ஒப்பந்தம் வரவில்லை, பணமும் வரவில்லை. ஒரு வாரத்தில் அந்தக் கணக்கே காணாமல் போனது.

ரா ஃபைல் என்றால் என்ன என்று படம் எடுக்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. நிலத்துக்கு மூலப்பத்திரம் எப்படியோ, படத்துக்கு ரா ஃபைல் அப்படி. இணையத்தில் போடும் ஜேபெக்கை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் "அசலைக் காட்டு" என்று கேட்டால் திருடியவரிடம் பதில் இருக்காது. 2017-இல் அம்பலமான, பிரேசில்காரர் என்று சொல்லிக்கொண்ட எடுவார்டோ மார்ட்டின்ஸ் விவகாரம் நினைவிருக்கும். போர்க்களப் புகைப்படக்காரர் என்று இன்ஸ்டாகிராமில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரை நம்பவைத்தவர், மற்றவர்கள் எடுத்த படங்களை இடம் வலமாகத் திருப்பிப் போட்டுத் தன் படம் என்று விற்றுக்கொண்டிருந்தார். திருப்பிப் போட்டால் இணையத்தில் தேடிக் கண்டுபிடிப்பது கடினம். என்னிடம் வந்தவருக்கு அந்தச் சிரமமும் இல்லை. மூலப்பத்திரத்தை நானே கொடுத்துவிட்டேன்.

ஆகஸ்டில் மதுரையிலிருந்து ஒரு நண்பர் இணைப்பு அனுப்பினார். ஒரு வெளிநாட்டுப் போட்டியின் இறுதிப் பட்டியலில் 4127. கீழே வேறொரு பெயர். குறிப்பில் எழுதியிருந்தது: வெள்ளத்தில் கணவரைப் பறிகொடுத்த பெண், அவர் முகத்தைப் பழைய படங்களில் தேடுகிறார்.

அந்தத் தாத்தா அன்றைக்கு எனக்குக் கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தவர். எனக்குக் கை நடுங்கியது.

போட்டி நடத்துபவர்களுக்கு எழுதினேன். அவர்கள் மரியாதையாகவே பதில் போட்டார்கள், ஆனால் "எதிர்த் தரப்பும் ரா ஃபைல் கொடுத்திருக்கிறார்களே" என்றார்கள். என்னைக் காப்பாற்றியது நான் அனுப்பாமல் விட்ட படங்கள். 4124 முதல் 4133 வரை பத்துப் படங்களையும் ஹார்ட் டிஸ்கில் அழிக்காமல் வைத்திருந்தேன். நான் அனுப்பிய 12-இல் இந்த வரிசையிலிருந்து போனது ஒன்றே ஒன்றுதான். முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்று அந்த ஆளுக்குத் தெரியாது. 4130-இல் தாத்தா போர்வையோடு சட்டகத்துக்குள் வந்து நிற்கிறார். கணவரை இழந்தவர் என்ற பொய் அந்த ஒரு படத்தில் உடைந்தது. இன்னொன்று, என் கேமரா சென்சாரில் அப்போது ஒரு தூசி இருந்தது. லென்ஸின் திறப்பைச் சுருக்கி எஃப் 11 அளவில் எடுத்த எல்லாப் படத்திலும் வானத்தின் இடது மேல் மூலையில் ஒரே இடத்தில் மங்கலான புள்ளி விழும். அதே மாதம் நான் எடுத்த வேறு படங்களில் அதே புள்ளியைக் காட்டினேன். ரா ஃபைலுக்குள் பதிவாகும் கேமராவின் சீரியல் எண்ணும் நான் கேமரா வாங்கிய பில்லில் இருந்த எண்ணும் ஒன்றாக இருந்தன. இரண்டு பேரிடமும் பில் கேட்டார்கள். அவர் கொடுக்கவில்லை. 11 நாளில் படத்தை எடுத்துவிட்டார்கள்.

அதனால் சொல்கிறேன், சுமாராக வந்த படங்களை அழிக்காதீர்கள். கேமரா பில்லை ஸ்கேன் செய்து வையுங்கள். யாராவது அசல்தானா என்று கேட்டால் வீடியோ அழைப்பில் திரையைப் பகிர்ந்து, முன்பின் படங்களோடு காட்டுங்கள். உண்மையான தேர்வாளருக்கு அது போதும். பத்திரிகையின் பெயர் சொன்னால் அந்தப் பத்திரிகையின் இணையதளத்தில் இருக்கும் எண்ணுக்கு நீங்களே பேசுங்கள்.

சட்டம் நம் பக்கம்தான் இருக்கிறது. 1957 பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டப்படி படம் எடுத்த நொடியிலேயே உரிமை பிறந்துவிடும், பதிவு செய்திருக்க வேண்டியதில்லை. எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் அது இன்னொருவருக்கு மாறும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: ஒருவர் பணம் கொடுத்து "எனக்காக எடு" என்று சொல்லி எடுத்த படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் அவர்தான் முதல் உரிமையாளர். கல்யாண வேலைக்குப் போகிறவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

சட்டம் இருந்தாலும் நாளாகும். ஹைட்டியில் 2010 ஜனவரி 12 நிலநடுக்கத்தை எடுத்த டேனியல் மொரேல், ட்விட்டர் வழியாகப் போட்ட படங்களை ஏஎஃப்பி செய்தி நிறுவனமும் கெட்டி பட நிறுவனமும் அனுமதியின்றி விநியோகித்தன. முதலில் வேறொருவர் பெயரில்தான் அவை போயின. அமெரிக்க நீதிமன்ற ஜூரி 12 லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னது 2013 நவம்பரில். கிட்டத்தட்ட நான்கு வருடம். நான் சைபர் கிரைமில் புகார் கொடுத்து சிஎஸ்ஆர் (புகார் பெற்றதற்கான போலீஸ் ரசீது) வாங்கியிருக்கிறேன், அவ்வளவுதான் இதுவரை.

செப்டம்பரில் ஏரலுக்குப் போனேன். ஆல்பத்தில் தேறிய மூன்று படங்களைச் சரிசெய்து பிரிண்ட் போட்டுக் கொண்டுபோனேன். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். தாத்தா போனை வாங்கி, குறிப்பைத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டார். "நான் இங்கனதானய்யா நிக்கேன்" என்றார். ஆச்சி ஒன்றும் சொல்லவில்லை, போனை அவர் கையிலிருந்து வாங்கிக் கவிழ்த்து வைத்தார்.

இதை இப்போது எழுதக் காரணம், வயநாடு நிலச்சரிவுப் படங்கள் எடுத்த ஒரு தம்பி போன வாரம் எனக்கு ஒரு மெயிலை அனுப்பி, "அண்ணே, இது உண்மைதானா?" என்று கேட்டார். பெயர் வேறு, பத்திரிகை வேறு. ஏஐ காரணமும் மாலை 5 மணிக் கெடுவும் எனக்கு வந்தது போலவே வரி மாறாமல் இருக்கின்றன. அவர் அனுப்பவில்லை. உங்களுக்கும் வந்திருந்தால் அழிக்காமல் வைத்திருங்கள், என் புகாரோடு சேர்க்க உதவும்.