உட்செவிச் சமநிலைச் சோதனைகள்: நீரா, உந்தலா, மேடையா?

தலைச்சுற்றலுக்குப் புறவயமான சான்று வேண்டும் என்று மருத்துவ மதிப்பீட்டில் கேட்கப்படும்போது பெரும்பாலும் மூன்று சோதனைகள் போட்டிக்கு வருகின்றன: கலோரிக் சோதனை, வீடியோ தலை உந்தல் சோதனை, கணினி மேடையில் நிற்கவைத்து உடல் தள்ளாட்டத்தை அளக்கும் போஸ்சுரோகிராபி.

இவற்றுள் மூத்தது கலோரிக். இதற்கு அடித்தளமிட்ட மருத்துவர் ராபர்ட் பாரனிக்கு 1914ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது. படுத்திருப்பவரின் தலையை 30 டிகிரி உயர்த்தி, 30 டிகிரி செல்சியஸ் நீரையும் பிறகு 44 டிகிரி நீரையும் ஒவ்வொரு காதிலும் பாய்ச்சும்போது, உட்செவித் திரவம் நகர்ந்து கண்களில் நிஸ்டாக்மஸ் எனப்படும் தன்னிச்சையான அசைவு எழுகிறது. இரு பக்க அசைவுகளின் வேகத்தை ஒப்பிட்டு எந்தச் செவி எவ்வளவு நலிந்தது என்று சதவீதத்தில் கணக்கிடுகிறார்கள். ஒவ்வொரு செவியையும் தனித்தனியே தூண்ட முடிவது இதன் பெரும்பலம். ஆனால் இரு செவிகளும் சம அளவில் நலிந்திருந்தால் வேறுபாடு பூச்சியத்தை ஒட்டி வந்து, சதவீதத்தை மட்டும் பார்ப்பவரை ஏமாற்றிவிடும். தலையின் சுழற்சியை உணர ஒவ்வொரு உட்செவியிலும் உள்ள மூன்று அரைவட்டக் குழல்களுள் பக்கவாட்டுக் குழலைத் தவிர மற்றவற்றைப் பற்றி இது எதுவும் சொல்லாது. குமட்டலும் உண்டு, செவிப்பறையில் துளை இருந்தால் நீரைப் பாய்ச்சவும் கூடாது.

ஆய்வாளர்கள் ஹல்மாகியும் கர்தாய்ஸும் 1988இல் விவரித்த தலை உந்தல் சோதனை, வேகமான கேமரா பொருத்திய கண்ணாடி வந்தபின் அளவீடாக மாறியது. எதிர்பாராத நொடியில் தலையைச் சிறு கோணத்தில் சட்டெனத் திருப்பினால், இலக்கைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண் அதே வேகத்தில் எதிர்த்திசையில் நகர வேண்டும். நகராவிட்டால், இலக்கை மீண்டும் பிடிக்கக் கண்ணில் ஒரு திருத்தத் தாவல் நிகழும். தலை அசையும்போதே முடிந்துவிடும் தாவல் வெறும் கண்ணுக்குத் தப்பிவிடும் என்பதால்தான் கேமரா தேவைப்படுகிறது. இரு செவிகளின் ஆறு குழல்களையும் சில நிமிடங்களில் சோதிக்கலாம், குமட்டலும் அரிது. எனினும் கண்ணாடி சற்றே நழுவினாலும் அளவு பொய்த்துவிடும்.

முதலில் எதைச் செய்வது என்றால், உந்தல் சோதனையையே சொல்வேன். அது தெளிவாகப் பிறழ்ந்திருந்தால் கலோரிக் பல நேரங்களில் தேவைப்படாது. இயல்பாக இருந்தாலோ அத்துடன் நிறுத்திவிடக் கூடாது. ஏனெனில் கலோரிக் மிக மெதுவான தூண்டலையும் உந்தல் மிக வேகமான தூண்டலையும் தருகின்றன. தலைச்சுற்றலோடு காது இரைச்சலும் கேட்கும் திறன் குறைவும் வரும் மெனியர் நோயில் முன்னது நலிவைக் காட்ட, பின்னது இயல்பாக இருப்பது அடிக்கடி காணப்படுகிறது.

போஸ்சுரோகிராபியை இவ்விரண்டுக்கும் மாற்றாக நிறுத்துவது பொருந்தாது. பார்வையையும் தளத்தையும் மாற்றி ஆறு நிலைகளில் அளந்தாலும் எந்தச் செவி பழுது என்று அது காட்டாது. கால்களின் உணர்வும், தசை வலிமையும், ஒத்துழைப்பும்கூட அதில் கலந்துவிடுகின்றன. எளிய நிலைகளில் தள்ளாடி, கடின நிலைகளில் நன்றாக நிற்பவரின் முடிவை ஐயத்துடன் பார்ப்பதற்கும், பயிற்சியால் விளைந்த முன்னேற்றத்தை அளப்பதற்கும் அது உதவும்.

படுக்கையில் புரளும்போது சில நொடிகள் சுழலும் நிலைசார் தலைச்சுற்றலில் இம்மூன்றும் இயல்பாகவே இருக்கக்கூடும். அதைக் கண்டுபிடிப்பது நோயாளியைச் சட்டெனப் படுக்கவைத்துக் கண்களைப் பார்க்கும் டிக்ஸ்-ஹால்பைக் சோதனை.