பண்ணை வீடா, பஞ்சாலையா?

ஏழைப் பிள்ளைகளைத் தொழில் பழக அனுப்பும் அதிகாரத்தை இங்கிலாந்தின் பாரிஷ்களுக்கு (தேவாலய வட்டார உள்ளாட்சிகளுக்கு) 1601-ஆம் ஆண்டின் ஏழைகள் சட்டம் கொடுத்தது. இரண்டு நீதிபதிகள் சம்மதித்தால் போதும், பெற்றோரைக் கேட்க வேண்டியதில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் இதற்கு இரண்டு வழிகள் இருந்தன: உள்ளூர்ப் பண்ணை வீடு, இல்லையென்றால் தொலைதூரப் பஞ்சாலை.

டெவன் பகுதியில் எட்டு, ஒன்பது வயதிலேயே பண்ணைக்குப் போனார்கள். ஒப்பந்தத்தில் பையனுக்கு 'விவசாயம்', பெண்ணுக்கு 'வீட்டு வேலை' என்று எழுதுவார்கள். சின்னப் பையன் செய்ததோ வயலில் காக்கை விரட்டுவதும் கல் பொறுக்குவதும்தான். சாப்பாடு, துணி, படுக்க இடம் உண்டு, கூலி கிடையாது. பையன்களுக்கு 24 வயது வரை இந்தக் கட்டு. 1778-இல்தான் அது 21 ஆனது. பிள்ளையை ஏற்க மறுத்த வீட்டுக்காரருக்கு 10 பவுண்டு அபராதம். அப்படித் தலையில் கட்டப்பட்ட பிள்ளையை அந்த வீடு என்ன முகத்தோடு பார்த்திருக்கும்? நினைத்தாலே மனசு கனக்கிறது.

ஆலைகளில் ஸ்டயல் ஊரின் 'குவாரி பேங்க்' பஞ்சாலை கொஞ்சம் பரவாயில்லை. 1790-இல் கட்டிய விடுதி, மருத்துவர், ஓரளவு படிப்பு எல்லாம் இருந்தன. ஆனால் 1802-இல் சட்டம் போட்டுக் குறைத்த பிறகும் வேலை நேரம் 12 மணி!

என்னைக் கேட்டால் பண்ணைதான் மேல். அடி விழுந்தாலும் ஓடிப்போகிற தூரத்தில் அம்மா இருந்தாள். லண்டன் பிள்ளைகளை 40 மைலுக்கு அப்பால் அனுப்பக் கூடாது என்று சட்டம் வந்தது 1816-இல்தான்.