உடற்கொழுப்பைக் காட்டும் எடைக் கருவி: ஒரு மதிப்பீடு

வெறுங்காலுடன் ஏறி நின்றால், இந்தக் கருவி பாதங்களின் வழியே மிக மெல்லிய மின்னோட்டத்தைச் செலுத்தி, நீர் நிறைந்த தசை அதை எளிதில் கடத்துவதையும் கொழுப்பு தடுப்பதையும் கொண்டு உடற்கொழுப்பின் சதவீதத்தைக் கணிக்கிறது. எடையில் குறையில்லை. கொழுப்பின் அளவோ தண்ணீர் குடித்தாலும் உடற்பயிற்சி செய்தாலும் மாறிவிடுவதால், தினமும் காலையில் வெறும் வயிற்றில் அளந்து, வாரக்கணக்கில் அது ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்ப்பதே பயன் தரும்.

இதன் செயலிதான் எனக்குப் பெரும் ஏமாற்றம். அமெரிக்க உடற்பயிற்சி மன்றத்தின் அட்டவணைப்படி சராசரி வரம்பு ஆண்களுக்கு 18 முதல் 24 சதவீதம், பெண்களுக்கு 25 முதல் 31 சதவீதம். மாதவிடாய்ச் சுழற்சிக்கும் கருவுறுதலுக்கும் பெண்ணுடலுக்குக் கூடுதல் கொழுப்பு தேவை என்பதே காரணம். இருபாலருக்கும் ஒரே வண்ணப் பட்டையை வைத்து, 27 சதவீதம் உள்ள என் தங்கைக்குச் சிவப்பு எச்சரிக்கை காட்டுவது பொறுப்பற்ற செயல். இளம்பெண்களைத் தேவையற்ற பட்டினிக்குத் தள்ளக்கூடியது இது.

வயிற்றுக்குள் சேரும் கொழுப்பைக் கண்காணிக்க விரும்புவோருக்கு அளவு நாடாவையே பரிந்துரைப்பேன்: தெற்காசியரில் ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. இடுப்புச் சுற்றளவே எச்சரிக்கை எல்லை. இதயமுடுக்கி பொருத்தியவர்கள் இக்கருவியில் ஏறவே கூடாது.